ஆமையாரின் பெயர்

வெளிநாட்டுக்குச் செய்தி சேகரிக்கப் போகிறவனுக்கு முதலில் கெடுவது வயிறு, அடுத்தது பொறுமை. என் வயிறு கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது. இவ்வளவு தூரம் பயணம் செய்து வந்து கேட்கிறீர்கள், தம்பி. உட்காருங்கள், ஒளிக்காமல் சொல்கிறேன்.

உங்கள் அண்ணன் உங்கள் ஊர்ப் பத்திரிகையில் நிருபர். அங்கே எனக்குத் துணையாக, அந்த ஊர்க்காரர்கள் பேசுவதை மொழிபெயர்த்துச் சொல்ல வந்தவர். எதிலும் நிதானம் என்பதால் ஆமையார் என்று கூப்பிடுவேன். கோபித்துக்கொள்ள மாட்டார். "ஆமைதான் அண்ணே. தலையை உள்ள இழுத்துக்கத் தெரிஞ்சதாலதான் இந்த ஊர்ல இன்னும் எழுதிட்டிருக்கேன்" என்பார்.

அவரோடு வேலை செய்வது இருக்கிறதே, அப்பப்பா, பட்டவனுக்குத்தான் தெரியும். யாரையும் நேராகக் கேள்வி கேட்க விடமாட்டார். அம்மாவின் முட்டிவலி, பிள்ளையின் பரீட்சை எல்லாம் விசாரித்த பிறகுதான் விஷயத்துக்கு வருவார். எதிரே இருப்பவர் அழுதுகொண்டே மூச்சுவிடாமல் பேசுவார். இவர் என் பக்கம் திரும்பி, "கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்துச்சாம்" என்று முடித்துவிடுவார்.

"இவ்வளவு நேரம் பேசினதுக்கு அவ்வளவுதானா?"

"எழுதக்கூடியது அவ்வளவுதான் அண்ணே. மிச்சத்தைப் போட்டா, சொன்னது யாருன்னு கண்டுபிடிச்சிடுவாங்க."

தையல் ஆலையில் தீப்பிடித்து, உள்ளே பூட்டப்பட்டிருந்த பெண்கள் செத்துப்போன செய்தி அது. ஆலை முதலாளி மந்திரியின் மைத்துனர். "கதவைத் திறக்காதே, திறந்தா இவளுங்க துணியைத் தூக்கிட்டு ஓடுவாளுங்க" என்று அவர் பேசிய குரல்பதிவை உங்கள் அண்ணன்தான் தேடிப் பிடித்தார். சோறு அவர் ஆக்கியது, நான் பரிமாறியவன் மட்டும்தான். அதற்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: தன் பெயர் எங்கேயும் வரக்கூடாது.

உங்கள் அண்ணியும் எனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே அதைத்தான் கேட்டார். "நீங்க பிளேன் ஏறிடுவீங்க அண்ணே. நாங்க இங்கதானே இருந்தாகணும்? அவர் பேரை மட்டும் போட்டுடாதீங்க." சரிம்மா என்று தலையாட்டினேன். குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினார்.

செய்தியை அனுப்பியபோது தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்களை எழுதினேன். அவருடையது முதலில்.

ஏன் என்கிறீர்கள். நன்றி என்று ஒன்று இல்லையா, தம்பி? ஊரார் உழைப்பில் நான் பேர் வாங்குவதா? தவிர, மறுநாள் எனக்கு விமானம். செய்தி அதற்கு முன்பே வெளிவந்துவிடும். என் பெயர் மட்டும் இருந்தால் விமான நிலையத்தில் என்னை நிறுத்துவார்கள். இன்னொரு பெயர் மேலே இருந்தால் முதலில் அங்கேதான் போவார்கள். இதற்குப் பெரிய மூளை வேண்டாம். எனக்கும் வீட்டில் பிள்ளை இருக்கிறது.

கடவுச்சீட்டில் முத்திரை குத்திய அதிகாரி, பயணம் நல்லபடியாக அமையட்டும் என்றார். அந்த நேரத்தில் உங்கள் அண்ணன் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கால்வாயில் கிடைத்தார் என்று அண்ணிதான் தொலைபேசியில் சொன்னார். திட்டவில்லை. "சாப்பாடு போட்டுக் கேட்டேனே அண்ணே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்தால்கூட இப்படி அழுதிருப்பேனா தெரியாது. சத்தியமாகச் சொல்கிறேன், அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அந்தச் செய்தி இப்போது புத்தகமாகிறது. அட்டையில் அவர் பெயரையும் சேர்க்கலாமா என்று பதிப்பாளர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாவம், அந்த மனிதர் என்னிடம் கேட்டதே அது ஒன்றுதான். அதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன மனிதன், தம்பி?