பேனருக்குப் போன லேப்டாப்

"லேப்டாப்புல ஓட்ட இருக்கு மாப்ள, நம்ம பென்டிரைவுக்குத்தான் ஆகாது."

திருப்பரங்குன்றம் போகும் பேருந்தில், என் முன்சீட்டில் புது லேப்டாப்பை மடியில் வைத்திருந்தவர் நண்பரிடம் சொன்னார். மறுநாள் அவர் மகளுக்குக் காதுகுத்து. பேனர் டிசைன் லேப்டாப்பில் இருக்கிறது. பேனர் கடைக்காரர் பென்டிரைவில்தான் வாங்குவாராம்.

"ரெண்டு பக்கமும் ஓட்ட தெரியுதே?"

"எல்லாமே சி டைப்பு, சின்ன ஓட்ட. மாட்டுறதுக்கு மூணு கன்வெர்ட்டர் வாங்குனேன். மூணும் மேலூர்ல வீட்டுல கெடக்கு."

"மெலிசா வேணும்னு வாங்குன. இப்ப அதுக்குப் பின்னாடி சீர்வரிசை கணக்கா ஒரு பை வயர தூக்கிட்டு அலையிற. அதுலயும் வேணுங்கிறது இல்ல. செல்லுல அனுப்பிவிடேன்."

"அனுப்புனேன். மூஞ்சியெல்லாம் கலங்கிப்போச்சாம். என் மச்சினன் மூஞ்சி பேனர்ல பளிச்சுன்னு இல்லேன்னா மண்டப வாசல்லயே திரும்பிருவான் மாப்ள. தாய்மாமன் இல்லாம யாரு மடியில வச்சுக் காது குத்துறது?"

நண்பர் லேப்டாப்பை ஒருமுறை பார்த்தார்.

"இது மேலயே பிள்ளைய உக்கார வச்சுக் குத்திரு. இதுவும் சீரோடதான வந்திருக்கு."