தொழுவத்துக் கேமராவுக்கு மாறாத நம்பர்

தேவாரத்தில் பஸ் ஏறி என் முன் இருக்கையில் உட்கார்ந்ததுமே ஓர் இளம் மனைவி பக்கத்தில் இருந்த கணவனிடம் சொன்னாள்: "உங்க வீட்டுல மாட்டுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்ல."

"மாடு என்ன செஞ்சுச்சு?"

"தொழுவத்துக் கேமராவுக்கு மாறாத நம்பர் ஒண்ணு அரை நாள்ல குடுத்தீகல்ல?"

"கரண்டு போய் வந்தா ரூட்டர் எல்லாத்துக்கும் வேற நம்பர் குடுத்துருது. பெங்களூர்ல அண்ணனுக்குத் தொழுவம் தெரிய மாட்டேங்குது. அதான் கேமராவுக்கு ஒரே நம்பரா வச்சு, வெளியூர்ல இருந்து அண்ணன் பாத்தா நேரா அங்கன அனுப்புன்னு ரூட்டர்ல போட்டு வச்சேன். மாடு கன்னு போடப்போகுதுல்ல?"

"எங்கப்பா ரேஷன் கார்டுல என் பேரை எடுத்து ஒரு வருசமாச்சு. உங்க கார்டுல இன்னும் ஏத்தல. நான் எந்த வீட்டு ஆளு?"

பஸ் கோம்பையில் நின்று கிளம்பியது. அவன் சட்டைப்பையிலிருந்து மடித்த விண்ணப்பம் ஒன்றை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

"புண்ணாக்கு வாங்கன்னுதான கூட்டியாந்தீக?"

"மொதல்ல தாலுகா ஆபீசு. புண்ணாக்கு பெறகு."

தன் பெயர் இருந்த வரியை அவள் இரண்டு முறை படித்தாள். விண்ணப்பத்தை அவனிடம் திருப்பித் தராமல் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கரண்டு போய் வந்தாலும் இது மாறாதுல்ல?"