காற்றை நிறுத்திய பேச்சு

தலைமை தாங்கும் பெருந்தகை ராஜதுரை அண்ணாச்சி அவர்களே! உப்புக்காற்றில் உரமேறிய பெரியோர்களே! அடுத்தவர் பிள்ளைக்கும் பரிந்து வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் முந்தானையால் முகம் மறைத்து அமர்ந்திருக்கும் சண்முகவடிவு மதினி அவர்களே! முத்துச்சிப்பி ஆய்வுக்கூடத்து டெக்னீசியன் உமாராணியின் பணிவான வணக்கம்.

மதினியின் கணவர், என்னோடு வேலைபார்த்த சுடலைக்கண்ணன் அண்ணாச்சியை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். குற்றம் என்ன? தொட்டியில் வளர்ந்த சிப்பிக் குஞ்சுகளைக் கொன்றாராம்! யார், அவரா? கண்ணுக்கே தெரியாத அந்த உயிர்களுக்குக் கடல்நீரை வடிகட்டி, கருக்கலில் இரை ஊற்றி, காய்ச்சலோடும் காவலிருந்த மனிதரா கொலைகாரர்?

நடந்ததைச் சொல்லுதேன், கேளுங்கள். ஆயுத பூஜை அன்று மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம் வைத்தோம். தொட்டிகளுக்குக் காற்று ஊதும் மோட்டாருக்கு மாலை போட்டோம். பூஜை முடிந்து பெரிய அதிகாரி பேச எழுந்தார். மோட்டார் இரைந்தது. "அதைக் கொஞ்சம் ஆஃப் பண்ணுப்பா, நான் பேசுறது எனக்கே கேக்கல" என்றார். மாலை போட்ட மோட்டாரை அண்ணாச்சி அமர்த்தினார்.

பேசினார் அதிகாரி, பேசினார்! கடலைப் பேசினார், கடமையைப் பேசினார், முத்தைப் பேசினார், முன்னோரைப் பேசினார்! தண்ணீரில் காற்று குறைந்தது, பேச்சில் குறையவில்லை! சிரிக்காதீங்கய்யா, எனக்கு வயிறு எரியுது. சுவிட்சை நோக்கி அண்ணாச்சி எழுந்தபோதெல்லாம் கையைக் காட்டி உட்காரவைத்தார். நாங்கள் கைதட்டி முடித்தபோது, குஞ்சுகள் தொட்டியின் அடியில் மாவாய்ப் படிந்து கிடந்தன.

என்ன, பின்னால் நிற்கிற அண்ணாச்சி? "அந்த ஆளு பேரச் சொல்லும்மா"வா? இந்த நீக்கத்தைப் பற்றி நாளை ஆய்வுக்கூடத்தில் விசாரணை இருக்கு; அங்கே அவர் முகத்துக்கு நேரே சொல்லுதேன். ஆனால் நான் ஒருத்தி சொன்னால் எடுபடுமா? கூடம் நிறைய இருந்தோமே! சுண்டல் தின்ற வாய்கள் எங்கே? தட்டிய கைகள் எங்கே? ஏளா டெல்பின், நீ பார்க்கவில்லையா? ஏலே மாரிச்செல்வம், நீ பார்க்கவில்லையா? தலையைக் குனியாதே! பயம் எனக்கும்தான் இருக்கு. நானும் கான்ட்ராக்ட் வேலைக்காரிதான்.

வீட்டில் கரண்ட் போய் ஃபேன் சத்தம் நின்றால், சுடலைக்கண்ணன் அண்ணாச்சி தூக்கத்தில் பதறி எழுந்து சுவிட்சைத் தேடுகிறாராம். மதினி சொல்லி அழுதார்கள். இதைக் கேட்ட பிறகும் வாய்மூடி இருப்பீர்களா?

இன்னும் பேச ஆத்திரம் இருக்கிறது. ஆனால் நிறுத்தத் தெரியாத பேச்சு என்ன செய்யும் என்று கண்ணால் கண்டவள் நான். நாளைக் காலையில் ஆய்வுக்கூட வாசலில் நிற்பேன். பார்த்தவர்கள் வாருங்கள், பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். கேட்டிருந்த உங்களுக்கு நன்றி. மதினிக்கு என் வணக்கம்.

மைக்செட் அண்ணாச்சி, மைக்கை அமத்துங்க.