மாச்சிக் ஹஸ்மாவின் கார்

எனக்குப் புதுக் காரின் வாசனை பிடிக்கும், இன்ஸ்பெக்டர் துவான். கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்தத் துணி மணம் ஆறு மாதத்தில் போய்விடும். அதன்பிறகு மனிதர்களின் நாற்றம்தான். அலோர் ஸ்டார் சர்வீஸ் சென்டரில் பதினேழு வருஷம் அதைத்தான் முகர்ந்தேன்.

கம்பெனியின் அறிவிப்பு போன மார்ச்சில் வந்தது. ஏர்பேக்கை ஊதவைக்க ஸ்டியரிங்குக்குள் ஓர் இரும்புக் குப்பி இருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது கெட்டுப்போகிறது, கார் மோதினால் வெடித்துச் சிதறலாம், இலவசமாக மாற்றிக் கொடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். நாற்பது நிமிஷ வேலை. நானூறு கார்களுக்கு மேல் மாற்றினோம். என் பிரிவின்மீது ஒரு புகார்கூட வந்ததில்லை.

கடிதம் கிடைத்த மறுநாளே மாச்சிக் ஹஸ்மா வந்துவிட்டாள். என் அத்தை வயசு, அதனால் மாச்சிக் என்பேன்; குவாலா கெடாவில் பெலாச்சான் செய்து விற்பவள். உப்பில் ஊறி நொதித்த அந்த இறால் விழுதை வாளி வாளியாகப் பின்சீட்டில் ஏற்றுவாள். கதவைத் திறந்தேன். மிதியடிக்குக் கீழே கறுப்பாகச் சாறு தேங்கி, அதில் புழு நெளிந்தது. ஸ்டியரிங்கைத் தொட்டால் விரல் ஒட்டியது.

"மாச்சிக், கழுவி எடுத்துட்டு வாங்க. இதுக்குள்ள ஆள் உக்கார முடியாது."

"கோவிச்சுக்காத தம்பி, எங்க பொழப்பு அப்படி. அந்த வெடிக்கிற சாமானை மட்டும் கழட்டிடேன். மக ஓட்டுற வண்டி. பயமா இருக்கு."

"கழுவிட்டு வாங்க."

இரண்டு வாரம் கழித்துக் கழுவிக்கொண்டு வந்தாள். சோப்பும் பெலாச்சானும் கலந்து முன்னைவிட மோசமாக இருந்தது. மெக்கானிக் ஃபௌசி, "நான் செஞ்சிடறேன் அபாங். நம்ம வீட்லயும் இதைத்தானே திங்கிறோம்?" என்றான். தட்டில் இருப்பது வேறு. தவிர, அதே உடுப்போடு அவன் அடுத்து ஒரு டாக்டரின் வெள்ளைக் காரில் உட்கார வேண்டியிருந்தது. நான் யோசிக்காமல் வேறு யார் யோசிப்பார்கள்? திருப்பி அனுப்பினேன். ஒரு மாதம் போயிற்று.

மூன்றாம் முறை மகளும் கூட வந்தாள். நுராய்ன், நர்ஸ் படிப்பு. அவள் கெஞ்சவில்லை.

"அபாங், உங்களுக்கு எங்க காரைப் பாத்தாதான் குமட்டுதா, இல்ல எங்களைப் பாத்தாலுமா?"

உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே சாவியை வாங்கினேன். காரைக் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்திவிட்டுக் காற்று வாடையைக் கொண்டுவராத பக்கமாகத் தள்ளி நின்றேன். சரியாக நாற்பது நிமிஷம். யாரும் அதைத் தொடவில்லை. புதுக் குப்பியின் எண்ணைக் கணினியில் பதிந்தேன். பிறகு அந்தக் குப்பியையே கழற்றிய பழசு என்று கம்பெனிக்கு அனுப்பிவைத்தேன். கதவோரத்தில் 'மாற்றப்பட்டது' என்ற சீட்டையும் ஒட்டினேன், நேராக.

"இனிமே பயமில்லையே, தம்பி?"

"இல்ல மாச்சிக். தைரியமா ஓட்டச் சொல்லுங்க."

நன்றியாக ஒரு பொட்டலம் பெலாச்சானை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். காகிதத்தால் பிடித்துக் குப்பையில் போட்டேன்.

ஆகஸ்டில், சிக்னலில் நின்ற லாரியின் பின்புறம் நுராய்னின் கார் லேசாக இடித்தது. பம்பர் சற்று நசுங்கியது, அவ்வளவுதான். குப்பியின் துண்டு ஒன்று அவள் கழுத்தில் இறங்கியிருந்தது. படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் சார்பில் காரைப் பார்வையிட நான்தான் வந்தேன். உங்கள் வளாகத்து வெயிலில், கண்ணாடி ஏற்றியபடி மூன்று நாள் கிடந்த கார். பெலாச்சானோடு ரத்தமும் காய்ந்திருந்தது. வாந்தி எடுத்தேன். துக்கம் என்று நினைத்து உங்கள் ஆள் ஒருவர் தண்ணீர் கொடுத்தார்.

அடக்கமெல்லாம் முடிந்ததும் மாச்சிக் என்னைத் தேடி வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் மேல குத்தமில்ல தம்பி. நீ மாத்திதான் குடுத்தே. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்று அழுதாள். "ஆமா மாச்சிக்" என்றேன். அவளுக்கு அந்த ஆறுதலாவது கிடைக்கட்டும் என்றுதான்.

துண்டில் இருந்த பழைய எண்ணை உங்கள் பொறியாளர் படித்துவிட்டார். இனி மறைக்க ஒன்றுமில்லை. நான் மாற்றவில்லை. வெடிக்கலாம் என்று தெரிந்தேதான் சாவியைக் கொடுத்தேன். அந்தப் பெண்மீது எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை.

இப்படி மாற்றாமல் சீட்டு ஒட்டிய வேறு கார்கள் உண்டா என்று கேட்கிறீர்கள். ஆறு உண்டு. ஒன்றில் நாய் முடி, ஒன்றில் குழந்தை கக்கிய பால், ஒன்றில் கிழவரின் மூத்திர வாடை. மற்றவையும் அப்படித்தான். ஆறும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கின்றன. எண்களை எழுதித் தருகிறேன். அவற்றை இங்கே ஓட்டிவர ஆள் அனுப்புவீர்கள் அல்லவா? கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டச் சொல்லுங்கள், துவான். பாவம், அவர்களால் தாங்க முடியாது.