செல்ஃப்-அட்டெஸ்ட் மாப்பிள்ளை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ரெண்டு பெண்கள். ஒருத்தி மடியில் பிளாஸ்டிக் ஃபைல். "என்னைய நானே செல்ஃப்-அட்டெஸ்ட் பண்ணிட்டு வாரேன், மதினி" என்றாள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அப்படின்னா?"

"ஆதார் ஜெராக்ஸுல, இது உண்மதான்னு நாமளே கையெழுத்துப் போடணும்."

எந்த ஆபீசிலும் இதை எனக்கு இவ்வளவு லேசாக விளக்கியதில்லை.

"நாம சொன்னா நம்பிருவாகளா?"

"எங்க நம்புறாக? கையெழுத்தப் போட்டு நீட்டுனா, அசலக் காட்டுங்குறாக."

"அசலத்தான் பாக்கப் போறாகன்னா கையெழுத்து எதுக்கு?"

"கேட்டா ரூல்ஸுங்குறாக."

வெளியே சீமைக்கருவேலம் ஓடிக்கொண்டிருந்தது. மதினிக்குத் திடீரென்று முகம் மலர்ந்தது.

"எம்மக செல்விக்கு ரெட்டியபட்டி மாப்பிள்ளையப் பேசி முடிக்கப் போறோம். தண்ணி, சிகரெட்டு எதுவும் கெடையாதாம்."

"யாரு சொன்னா?"

"மாப்பிள்ளையேதான் சொன்னாக."

ஃபைல்காரி நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அது வெறும் செல்ஃப்-அட்டெஸ்ட்டு, மதினி. ஞாயித்துக்கெழம சாயங்காலம் சொல்லாமக் கொள்ளாமப் போயி, அசலப் பாத்துட்டு வாங்க."