உள்ளேயிருந்து போட்ட கும்பிடு

அழகர்கோவில் போகும் டவுன் பஸ்ஸில், சிம்மக்கல்லில் ஏறிய இரண்டு பேர் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். மூத்தவர் கார் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுகிறவர் என்பது பேச்சில் தெரிந்தது.

“நான் ஒட்டுனதுல ஒரு குத்தமும் இல்ல மாப்ள. அதான் குத்தம்னு வந்து நின்னாரு அந்த அம்பாசிடர்காரரு.”

“அதெப்படிண்ணே?”

“உள்ள இருக்குறது வெளிய தெரியக் கூடாதுன்னு கேட்டதே அவருதான். போன வாரம் அவரு சம்பந்தி ரோட்டோரம் நின்னு கும்பிட்டிருக்காரு. இவரும் வண்டிய நிறுத்தாம உள்ள இருந்தே கும்பிட்டுப் போயிட்டாரு. அது சம்பந்திக்கு எப்படித் தெரியும்? காரு வாங்குனதும் மரியாத போச்சுன்னு சம்பந்தி பேச்சையே நிறுத்திட்டாரு.”

“நீங்க என்ன செஞ்சீக?”

“அம்புட்டையும் உரிச்சு விட்டேன்.”

“அப்பச் சரியாப் போச்சுல்ல.”



“நேத்து மறுபடி வந்தாரு. இப்பக் காரக் கண்டாலே சம்பந்தி அந்தப் பக்கம் திரும்பிக்கிறாராம். இவரு கும்பிட்ட கைய ஊரே பாக்குதாம். திரும்பவும் ஒட்டச் சொல்றாரு.”