பொத்தான் பவளம் இருக்கும் அறை

முதல் அறிகுறி தென்பட்டபோது உடனிருந்தவர்கள்:

அம்மா சங்கரம்மாள்.
மாமா சிவசைலம், அம்மாவின் தம்பி.
மாப்பிள்ளை நல்லகண்ணு.
மாப்பிள்ளையின் அப்பா கடற்கரை அண்ணாச்சி.
தங்கை வடிவாம்பாள், வயது இருபத்துமூன்று. உங்கள் நோயாளி.
நான், சாம்பசிவம், அண்ணன்.
பொத்தான் பவளம், நூற்றுப் பதினெட்டு.

டாக்டர் அவர்களுக்கு, உங்கள் படிவத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு கோடுதான் விட்டிருக்கிறது. இடம் போதாததால் தனித்தாளில் எழுதுகிறேன். பட்டியலின் கடைசி வரியை நீங்கள் அடித்துவிடலாம். ஆனால் அதையும் சேர்த்துக்கொண்டால்தான் மற்றது விளங்கும்.

நீங்கள் அங்கே புதிதாக வந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஏழு மாதத்தில் வடிவுக்கு ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை, வீட்டில் எத்தனை தடவை வந்தது, பார்த்தவர்கள் யார் என்றும் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

நான் விலங்கியல் இரண்டாம் வருஷத்தோடு நின்றுவிட்டவன். படிப்பில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு கல். தூத்துக்குடிக்குச் சுற்றுலா கூட்டிப்போனபோது ஆழமில்லாத தண்ணீரில் எடுத்தேன். அதன்மேல் பதினோரு பொத்தான் பவளங்கள் இருந்தன. சட்டைப் பொத்தான் அளவில் ஒரு தட்டு, அதைச் சுற்றிப் பச்சை விளிம்பு. பூ என்று நினைப்பார்கள். அது பிராணி. பிஸ்கட் டின்னில் கடல் தண்ணீர் விட்டுத் தென்காசிக்குக் கொண்டுவந்தேன். அதன்பிறகு கல்லூரிக்குப் போக நேரமில்லை. நூல் மில்லில் நைட் ஷிப்ட் வாங்கிக்கொண்டேன். பகலில் வெளிச்சம் இருக்கும்போது தொட்டியைப் பார்க்க வேண்டும் அல்லவா.

பவளம் வளர்ப்பது கஷ்டம் என்று நினைக்கிறார்கள். கஷ்டமில்லை. தண்ணீரும் வெளிச்சமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், தொந்தரவு கூடாது. கடல் தண்ணீரை உப்பு லாரி ஓட்டும் மசூது கேன்களில் கொண்டுவருவார். "கடலைக் கொண்டாந்து வீட்டுக்குள்ள ஊத்தி என்ன வே செய்யுதீரு? கருவாடா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பால்காரர்கள் வைத்திருக்கும் லாக்டோமீட்டர் போதும். கடல் தண்ணீரில் இருபத்தைந்து காட்டும். வற்றிய அளவுக்கு, வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அது தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறையாமலிருக்க. எங்கள் வீட்டில் வடக்குப் பார்த்த அறை ஒன்றுதான். அங்கே வெயில் இறங்காது. தொட்டி அங்கே இருந்தது.

பவளத்தைப் பெருக்குவதற்கு வேண்டியது ஒரு பிளேடு, கொஞ்சம் நூல், சிப்பி ஓடுகள். பவளம் கல்லோடு ஒட்டியிருக்கும் தோலைப் பிளேடால் நெம்பி, இரண்டு மூன்று பொத்தானாக வெட்டி, ஓட்டின்மேல் வைத்து நூலால் கட்ட வேண்டும். நைலான் கூடாது. மில்லில் கிடைக்கும் பருத்தி நூல் பத்து நாளில் அழுகிவிடும். அதற்குள் பவளம் ஓட்டைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு வகை பவளத்துக்கு நடுவில் நான்கு விரல் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் ஒன்றை ஒன்று கொட்டிக் கொன்றுவிடும்.

கட்டுவதெல்லாம் வடிவுதான். இரவெல்லாம் நின்றுவிட்டு வருவதால் என் கை நடுங்கும். அவள் போடும் முடிச்சு இறுக்கவும் செய்யாது, நழுவவும் செய்யாது. லாக்டோமீட்டர் ஒருநாள் உடைந்தபோது விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "இருவத்தஞ்சுக்குக் கொஞ்சம் மேல இருக்குண்ணே, சுண்ணாம்புத் தண்ணி விடு" என்றாள். நான் விடாமல் பொறுத்திருந்து, புதிய லாக்டோமீட்டர் வந்ததும் போட்டுப் பார்த்தேன். இருபத்தாறு. அவளுக்கு அந்தத் திறமை இருந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

போன வருஷம் ஆடியில் திருவேங்கடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தென்காசியில் தாலுகா ஆபீஸ் வேலை. சாரல் காலத்தில் இந்தப் பக்கம் வருகிறவர்கள் யாரும் குற்றாலத்தில் குளிக்காமல் வரமாட்டார்கள். அப்பாவும் மகனும் அருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆள் வைத்து உச்சி முதல் பாதம்வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். தேய்த்து முடிக்கவும் அருவியில் வெள்ளம் வரவும் சரியாக இருந்திருக்கிறது.

"போலீஸ்காரன் கிட்டயே விடல தாயி. எண்ணெயோட நிக்கோம், வெரட்டுதான். என்ன செய்ய, துண்டை வச்சுத் தொடச்சிட்டு வந்துட்டோம்" என்றார் கடற்கரை அண்ணாச்சி. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி மினுங்கியது.

"அதுக்கென்ன அண்ணாச்சி, குளுமைதானே" என்றாள் அம்மா.

நல்லகண்ணு தொட்டியைப் பார்த்தான். "என்ன மச்சான் இது, பூவெல்லாம் வாயத் தொறந்து தொறந்து மூடுது!" என்று சொல்லிக் கையை முழங்கைவரை உள்ளே விட்டான். தண்ணீரின் மேல் எண்ணெய் வானவில் மாதிரிப் படர்ந்தது. மூன்று நாளில் இருபத்திரண்டு பொத்தான்கள் கரைந்து போயின.

அவன் கெட்டவனில்லை. விஷயம் தெரிந்ததும் மறுவாரம் மன்னிப்புக் கேட்க வந்தான். ஒரு பையில் தங்கமீன் கொண்டுவந்து, "துணைக்கு இருக்கட்டும் மச்சான்" என்று தொட்டிக்குள் அவிழ்க்கப் போனான். உப்பில் செத்துவிடும் என்று வடிவு பாய்ந்து பிடுங்கினாள். இருவரும் சிரித்தார்கள். அவர்களுக்கு ஒருவரை ஒருவர் பிடித்திருந்தது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆவணியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளைக்கு வேலை இங்கேயே என்பதால் எங்கள் வீட்டிலேயே இருப்பார்கள் என்றும், வடக்கு அறை அவர்களுக்கு என்றும் பேசினார்கள்.

"ராத்திரி பூரா மில்லுல கெடக்க. பகல்ல ஒரு பொழுது கண்ணடைக்க ஒனக்கு எதுக்குல ரூம்பு? அந்தத் தொட்டியத் தூக்கி மாட்டுத் தொழுவுல வையி" என்றாள் அம்மா.

மாட்டுத் தொழுவில் மதியம் முப்பத்துநான்கு டிகிரி. அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

வடிவு, "தொட்டி ஒரு மூலையில இருக்கட்டும்மா. நாங்க என்ன அதுமேலயா உறங்கப் போறோம்?" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். நான் யோசித்துப் பார்த்தேன். இரண்டு பேர். தலைக்கு எண்ணெய், முகத்துக்குப் பவுடர், கொசுவுக்குச் சாம்பிராணி. பிறகு குழந்தை. குழந்தை எதையாவது உள்ளே போடும். சரிப்படாது என்று தெரிந்தது. இடைவெளி வேண்டிய இடத்தில் இடைவெளி விட்டுத்தான் ஆக வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டுக்கு நான் ஒரு தபால் கார்டு எழுதினேன். இடது கையால், நான்கு வரி. பெண்ணுக்கு வலிப்பு உண்டு, பௌர்ணமிக்குப் பௌர்ணமி வரும், கையில் சாவிக்கொத்தைக் கொடுத்துத்தான் அடக்குவார்கள், இப்படிக்கு உங்கள் நலம் விரும்பி. கவரில் போட்டால் ஒருவர்தான் படிப்பார். கார்டு என்றால் போகிற வழியிலேயே நாலு பேர் படிப்பார்கள். பண்பொழிக்குப் போய்த் தபால் பெட்டியில் போட்டேன். பதினைந்து நாளில் அந்தச் செய்தி செங்கோட்டை வழியாக எங்கள் தெருவுக்கே திரும்பி வந்தது. வரும்போது வலிப்போடு கூட, வடிவு ஒரு தடவை கிணற்றில் குதித்த கதையும் சேர்ந்திருந்தது. அதை நான் எழுதவில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால் கல்யாணம் நடந்திருக்கும். கடற்கரை அண்ணாச்சி கார்டை எடுத்துக்கொண்டு மகனோடு வந்தார். அதுதான் நீங்கள் கேட்கும் நாள். அம்மா மாமாவைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். தன் மகனுக்கு வடிவைக் கேட்டு, அம்மா தரவில்லை என்ற மனத்தாங்கல் மாமாவுக்கு இருந்தது.

"ஏக்கா, நானா எழுதுனேன்? ரேஷன் கடையில கைநாட்டு வைக்கவன் நான். எழுதத் தெரிஞ்சா ஒனக்குத்தான் மொத கடிதாசி போட்டிருப்பேன், நீ என்னென்ன செஞ்சேன்னு" என்றார் மாமா.

நல்லகண்ணு சிரித்துவிட்டான். "மொட்டைக் கடிதாசிக்குப் பயந்தா நம்ம ஊர்ல ஒருத்தனுக்கும் கல்யாணம் ஆகாதுப்பா. கிழிச்சுப் போடுங்க" என்றான். அவன் அப்பாவும் கார்டைக் கிழிக்கத்தான் போனார்.

வடிவு, "குடுங்க, நான் பாக்கேன்" என்று வாங்கினாள்.

கார்டை நான் தொட்டியின் மூடிமேல் வைத்து எழுதியிருந்தேன். நாலைந்து சொட்டுத் தெறித்திருந்தது. காய்ந்ததும் வெள்ளை வளையமாக நின்றுவிட்டது. அது என் கவனக்குறைவு. வடிவு அந்த வளையத்தைப் பார்த்தாள். பிறகு நாக்கை நீட்டிக் கார்டை நக்கினாள்.



"உப்பு" என்றாள். இன்னொரு வளையத்தையும் நக்கினாள். "சுண்ணாம்பும் இருக்கு." நேரே தொட்டிக்குப் போய் விரலை முக்கி நாக்கில் வைத்தாள். திரும்பவும் கார்டை நக்கினாள். "அதே தண்ணி. அண்ணே, இது நம்ம தொட்டித் தண்ணி." கார்டை மாப்பிள்ளையிடம் நீட்டினாள். "நம்பிக்கை இல்லன்னா நீங்களும் நக்கிப் பாருங்க."

அவள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அவள் குரல் உயர்ந்தது, ஈரமான கார்டை ஆட்டிக்கொண்டே நின்றாள். அம்மா பயந்துபோய் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் திணித்தாள். கார்டில் எழுதியிருந்தபடியே. கடற்கரை அண்ணாச்சி செருப்பைத் தேடினார்.

மாமா மட்டும் என் பக்கம் திரும்பி, "ஏல, நீயா எழுதுன?" என்று கேட்டார்.

"இவ கொஞ்ச நாளாவே இப்படித்தான் மாமா. தொட்டித் தண்ணியக் குடிக்கா" என்றேன்.

அது பொய்யில்லை. லாக்டோமீட்டர் உடைந்ததிலிருந்து அவள் தினமும் ருசி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நல்லகண்ணு அங்கேயே நின்றான். அவன் அப்பா அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

யாரோ சொன்னதைக் கேட்டு அம்மா, புத்தி பேதலித்தவர்களை நிறுத்துவதுபோல வடிவைக் காலையும் மாலையும் அருவிக்கடியில் கொண்டுபோய் நிறுத்தினாள். நாற்பத்தெட்டு நாள் கணக்கு. பவளத்தில் பூச்சி பிடித்தால் நாங்களும் நல்ல தண்ணீரில் முக்கி எடுப்போம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் பவளம் செத்துவிடும். வடிவு ஒரு மணி நேரம் நின்றாள். அந்த நாட்களில் காலையும் மாலையும் வீடு காலியாக இருந்தது. நூற்றுப் பதினெட்டு, நூற்று அறுபது ஆயிற்று. கட்டுவதற்குத்தான் ஆளில்லை. நான் கட்டியதில் பாதி நழுவி விழுந்தன.

முப்பத்தோராம் நாள் அவள் ஒரு குடம் அருவித் தண்ணீரோடு திரும்பி வந்தாள். நேராக அறைக்குள் போய்த் தொட்டியில் ஊற்றினாள். கத்தவில்லை, அழவில்லை. ஊற்றிவிட்டுக் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"இப்ப எத்தனை காட்டுதுன்னு பாருண்ணே" என்றாள்.

இருபத்துமூன்றரை. எனக்குக் கோபம் வந்ததாக நினைக்க வேண்டாம். அளவைத்தான் சொல்கிறேன். இன்னும் இரண்டு குடம் ஊற்றினால் எல்லாம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அம்மாவிடம், இது வீட்டில் வைத்துப் பார்க்கும் நோயில்லை என்றேன். அம்மா அழுதுகொண்டே தலையாட்டினாள். உங்கள் மனநல விடுதியில் சேர்க்கக் குடும்பத்தில் மூத்த ஆணின் கையெழுத்து வேண்டுமாம். போட்டேன். வலது கையால்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: வலிப்பு வந்த தடவைகள், இல்லை. பார்த்தவர்கள், இல்லை.

நல்லகண்ணு ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வாசலில் வந்து நிற்பதாகவும், அவளைப் பார்க்க விடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கையில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அவளைக் கூட்டிப்போகலாம் என்று நீங்கள் எழுதியதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அறையில் இப்போது மூன்று தொட்டிகள். போன வாரம்தான் பெரியதை வெட்டிக் கட்டியிருக்கிறேன். பிடித்துக்கொள்ளும்வரை ஆள் நடமாட்டம் கூடாது. அம்மாவே மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். ஆவணிக்குப் பிறகு பார்க்கலாம். வடிவுக்கு இது புரியும். என்னைவிட நன்றாகப் புரியும்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். முழுதாகச் சொல்வதாக இருந்தால் அதையும் எழுத வேண்டும்.

அவளை உங்கள் விடுதிக்குக் கொண்டுவந்த அன்று நான் ஷிப்ட் முடித்து உறங்காமல் வந்திருந்தேன். கண் சிவந்திருந்தது. முழங்கைவரை உப்பு பூத்திருந்தது. விரல்களில் பிளேடு கிழித்த இடமெல்லாம் துணி சுற்றியிருந்தது. இருபத்துமூன்றரை, இருபத்துமூன்றரை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேனாம், உங்கள் வாசலில் இறங்கியதும் வடிவு சொன்னாள். அவள் வெளுத்த சேலை கட்டி, தலைவாரி, பையோடு நின்றாள். உங்கள் வாசலில் இருக்கும் பெரியவர் சாவியோடு வந்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு என் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு அவளிடம் கேட்டார்.

"அண்ணனாம்மா? எத்தனை நாளா இப்படி இருக்காரு?"

என்னிடம், "பயப்படாதீங்க சார். உள்ள காத்தாடிக்கு அடியில உக்காரலாம், வாங்க" என்றார்.

வடிவு ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசுவதற்காகக் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். பெரியவரும் காத்திருந்தார். அவசரமே இல்லை. நன்றாக யோசிக்க நேரம் இருந்தது.

"நான் இல்ல, இவதான்" என்றேன்.

பெரியவர் என் கையை விட்டார். வடிவு பையை எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டி உள்ளே போனாள். அவர் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றி, பூட்டை இழுத்துப் பார்த்தார்.